மேட்டர்ஹார்ன் 1865: மூணு வகை கயிறு இருந்தும் ஆளைக் கட்டினது எதுல?

1865 ஜூலை 14, மதியம் மூணு மணி வாக்குல, ஸ்விட்சர்லாந்து மேட்டர்ஹார்ன் உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஏழு பேர் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு வரிசையா இறங்கிட்டு இருந்தாங்க. முன்னாடி போன நாலு பேர் சறுக்கினாங்க, கயிறு அறுந்துச்சு, அந்த நாலு பேரும் கிட்டத்தட்ட 4000 அடி கீழ பனியாத்துல போய் விழுந்து செத்தாங்க, பின்னாடி இருந்த மூணு பேர் நின்னுட்டாங்க. இதை எல்லாரும் "கயிறு அறுந்த கதை"னுதான் சொல்றாங்க. எனக்கு அப்படிச் சொல்றது பத்தாதுன்னு தோணுது. ஏன்னா அன்னிக்கு அவங்க கையில மூணு வகை கயிறு இருந்துச்சு, ரெண்டு நல்ல கயிறு, அறுந்தது மூணாவது, அந்த மூணாவது கயிறு ஆளோட ஆளைக் கட்டுறதுக்குன்னு கொண்டு வந்ததே கிடையாது. தப்பு கயித்துமேலயா, கட்டினவர்மேலயா, இல்ல வேற எங்கயாச்சுமான்னு பொறுமையா பார்ப்போம், ஏன்னா இன்னிக்கு நீள்றது டைனமிக், நீளாதது ஸ்டாட்டிக்னு கயித்தைப் பிரிச்சு வச்சிருக்கோமே, அதுக்குப் பின்னாடி இருக்கிற முக்கால்வாசிக் கேள்வி இந்த ஒரு விபத்துலயே இருக்கு.

யார் யார் போனாங்க

எட்வர்ட் விம்பர், 25 வயசு இங்கிலீஷ்காரர், மரத்துல படம் செதுக்குறது தொழில், இந்த மலைமேல பல வருஷமா கண்ணு வச்சு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணித் தோத்தவர். இத்தாலி பக்கம் அவரோட ஏறிக்கிட்டிருந்த கைடு கரேல் கடைசி நேரத்துல இத்தாலிக்காரங்க டீமோட போயிட்டதால விம்பர் அவசரமா ஜெர்மாட் ஊருக்கு வர்றார், வழியில சேர்ந்தவர் லார்ட் பிரான்சிஸ் டக்ளஸ், 18 வயசு. ஜெர்மாட்ல ஏற்கெனவே சார்லஸ் ஹட்சன்ங்கிற பாதிரியார் அதே மலைக்கு ரெடியா இருந்தார், அந்தக் காலத்துல அமெச்சூர் ஏறுறவங்கள்ல ரொம்ப மதிக்கப்பட்ட ஆளு, அவரோட கைடு ஷாமோனி ஊர் மிஷெல் குரோஸ், ஹட்சன் கூட்டிட்டு வந்த பையன் ஹேடோ, 19 வயசு. ஹேடோ தேறுவானான்னு விம்பர் கேட்டப்ப, மத்தவங்களை விட சீக்கிரமா மாண்ட் பிளாங்க் ஏறினவன்னு ஹட்சன் பதில் சொல்லியிருக்கார். வேகமா ஏறத் தெரியுறதும் செங்குத்துப் பாறையில கால் வச்சு இறங்கத் தெரியுறதும் ஒண்ணு இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி அதை யோசிக்க யாருக்கும் நேரம் இல்ல, இத்தாலிக்காரங்க அந்தப் பக்கம் கிளம்பிட்டாங்க. உள்ளூர் கைடுகளா பீட்டர் டாக்வால்டர் அப்பா ஒருத்தர், அதே பேர்ல மகன் ஒருத்தர்.

ரெண்டு டீம் ஒரே ராத்திரியில ஒண்ணாச்சு, மறுநாள் காலையில கிளம்பியாச்சு. யார் தலைவர்னு தெளிவா ஒரு முடிவு எடுத்த மாதிரியே தெரியல. இது பின்னாடி கயிறு விஷயத்துல ரொம்பப் பெருசா வரப் போகுது.

ஜூலை 14 மதியம் 1.40-க்கு உச்சி. இத்தாலிக்காரங்க இன்னும் ரொம்பக் கீழ இருக்காங்கன்னு தெரிஞ்சதும் மேல இருந்து கத்தினாங்க, கல்லை உருட்டி விட்டாங்க, ஒரு மணி நேரம் உச்சியில இருந்தாங்க.

அந்த மூணு கயிறு

இதுதான் நான் நிதானமா எழுத நினைச்ச இடம்.

விம்பர் பின்னாடி எழுதி வச்ச கணக்குப்படி, முதல் வகை 200 அடி, ஆல்பைன் கிளப்ங்கிற லண்டன் மலையேறுறவங்க சங்கம் ஒத்துக்கிட்ட மணிலா நார்க் கயிறு. ரெண்டாவது 150 அடி, அதை விட தடி, ஒருவேளை இன்னும் பலமா இருக்கும்னு அவரே நம்பின கயிறு. மூணாவது 200 அடிக்கு மேல, முதல் கயித்தை விட லேசு, பலமும் கம்மி, கிளப் கயிறு வர்றதுக்கு முன்னாடி அவர் பழக்கமா வச்சிருந்த ரகம், இங்கிலாந்துல மேல கீழ தள்ளித் திறக்குற ஜன்னல் சட்டத்துக்குள்ள எடைக்கட்டி தொங்கவிடுவாங்களே, அந்த ஜாதிக் கயிறு.

அப்ப ஏன் அதைத் தூக்கிட்டு வந்தார்? இறங்கும்போது கஷ்டமான இடத்துல பாறையில கயித்தைக் கட்டி, அதைப் பிடிச்சு இறங்கிட்டு, கயித்தை அங்கயே விட்டுட்டு வரணும்னா நல்ல கயித்தை வீணாக்க முடியாது இல்லையா, அதுக்குத்தான். விட்டுட்டு வர்ற கயிறு. அந்த வேலைக்கு அது சரியான தேர்வுதான், இன்னிக்கும் பெரிய மலைகள்ல இறங்கும்போது விட்டுட்டு வர்றதுக்குன்னு மலிவான மெல்லிசான கயித்துத் துண்டுகளைக் கொண்டு போறோம்.

இன்னொண்ணு, அன்னிக்கு எந்தக் கயிறு நல்ல கயிறுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. விபத்துக்குச் சரியா ஒரு வருஷம் முன்னாடி, 1864-ல, லண்டன் ஆல்பைன் கிளப் ஒரு கமிட்டி போட்டு கயிறுகளை டெஸ்ட் பண்ணியிருந்தாங்க. வெறுமனே எடையைத் தொங்கவிட்டுப் பார்க்கல, 12 ஸ்டோன், அதாவது சுமார் 76 கிலோ எடையை மேல இருந்து விழ விட்டு, அந்த இழுப்புல கயிறு நிக்குதான்னு பார்த்தாங்க. அன்னிக்கு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்த நிறைய கயிறு பட் பட்னு அறுந்து போச்சு, மணிலா மாதிரி சிலது மட்டும்தான் நின்னுச்சு. நின்ன கயிறுகளைக் கிளப்புக்குன்னு தனியா செய்ய வச்சு, அடையாளம் தெரியணும்னு முறுக்குக்குள்ள ஒரு சிவப்பு நூலையும் ஓட விட்டாங்க. தொங்குற எடை வேற, விழுற எடை வேறங்கிறதை 1864-லயே கண்டுபிடிச்சுட்டாங்க பாருங்க, இன்னிக்கு வரைக்கும் கயிறு டெஸ்ட் அடிப்படையில அதுதான்.

எப்படிக் கட்டினாங்க, எப்படி விழுந்தாங்க

இறங்குற வரிசை இப்படி: முதல்ல குரோஸ், அப்புறம் ஹேடோ, ஹட்சன், டக்ளஸ், அப்புறம் டாக்வால்டர் அப்பா, விம்பர், கடைசியா டாக்வால்டர் மகன். முன்னாடி ஆட்களைக் கட்டும்போது விம்பர் பக்கத்துல இல்ல, உச்சியை ஸ்கெட்ச் போட்டுட்டு இருந்தார், அப்புறம் எல்லார் பேரையும் ஒரு பாட்டில்ல எழுதி வைக்க மறுபடி நின்னார். அதுக்கப்புறம் டாக்வால்டர் மகனோட தன்னைக் கட்டிக்கிட்டு ஓடி வந்து மத்தவங்களைப் பிடிச்சார். கஷ்டமான இடத்துல பாறையில கயிறு கட்டி கூடுதலா ஒரு பிடிமானம் வச்சுக்கலாம்னு உச்சியிலயே ஹட்சன்கிட்ட அவர் பேசியிருக்கார், ஹட்சனும் நல்ல ஐடியான்னு சொல்லியிருக்கார், ஆனா செய்யவே இல்ல.

மூணு மணி வாக்குல டக்ளஸ் ஒரு விஷயம் கேட்டான். யாராவது சறுக்கினா டாக்வால்டர் அப்பா ஒத்தை ஆளா தாங்க மாட்டார்னு பயமா இருக்கு, நீங்க அவரோட கட்டிக்கோங்கன்னு விம்பர்கிட்ட சொன்னான். விம்பர் கட்டிக்கிட்டார். பதினெட்டு வயசுப் பையனுக்குத் தோணின சந்தேகம்தான் அன்னிக்கு அங்க இருந்தவங்கள்ல ரொம்பச் சரியான கணிப்பு.

கொஞ்ச நேரத்துல, குரோஸ் தன்னோட ஐஸ் கோடாலியை ஓரமா வச்சுட்டு, ஹேடோ காலை ஒவ்வொண்ணா கையால பிடிச்சு சரியான இடத்துல வச்சு விட்டுட்டு இருந்தார். ஒரு பெரிய கைடு தன் கை ரெண்டையும் இன்னொருத்தர் காலுக்குக் கொடுத்துட்டு நிக்கிறார்னா, தன்னைப் பிடிச்சுக்க அவர்கிட்ட எதுவும் இல்லன்னு அர்த்தம். அவர் திரும்பி ஒரு அடி இறங்கப் போன நேரத்துல ஹேடோ சறுக்கி அவர் மேலயே மோதினான், ரெண்டு பேரும் போனாங்க, அடுத்த நொடி ஹட்சன், உடனே டக்ளஸ். மேல டாக்வால்டர் அப்பாவும் விம்பரும் பாறையில அழுந்தி நின்னாங்க, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கயிறு விறைப்பா இருந்ததால இழுப்பு ஒரே ஆள் மேல வந்த மாதிரி ரெண்டு பேர் மேலயும் சேர்ந்து வந்துச்சுன்னு விம்பர் எழுதுறார். நின்னுட்டாங்க. ஆனா டாக்வால்டருக்கும் டக்ளஸுக்கும் நடுவுல கயிறு அறுந்துடுச்சு.

அறுந்த நுனியை விம்பர் கேட்டு வாங்கிப் பார்த்தப்பதான் அது மூணாவது கயிறுன்னு தெரிஞ்சுது. எதுலயும் உரசாம அந்தரத்துலயே அறுந்திருக்கு, முன்னாடியே சேதமான அடையாளமும் இல்லன்னு எழுதி வச்சிருக்கார். கீழ கிடைச்ச உடம்புகளைப் பார்த்தப்ப முதல் மூணு பேரும் நல்ல கயித்துலதான் கட்டியிருந்தாங்க. டக்ளஸ் உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கல. ஆக மொத்த வரிசையில ஒரே ஒரு கண்ணிதான் வீக், அதுவும் கீழ நாலு பேர் எடை மொத்தமும் வந்து விழுற அதே இடம். அந்த நேரத்துல 250 அடிக்கு மேல நல்ல கயிறு யாருக்கும் கட்டாம சும்மா இருந்துச்சு!

டாக்வால்டர் மேல விழுந்த பழி

ஜூலை 21-ல ஜெர்மாட்ல விசாரணை ஆரம்பிச்சுது, யார் மேலயும் குத்தம் இல்லன்னு முடிச்சாங்க. டாக்வால்டர்கிட்ட கேட்கச் சொல்லி விம்பர் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தார், அதுக்கு வந்த பதில் தனக்கு வந்து சேரவே இல்லன்னு பின்னாடி குறைப்பட்டுக்கிட்டார். டாக்வால்டர் சொன்ன பதில் சிம்பிள்: கயிறு வீக்குன்னு நினைச்சிருந்தா அதுல என்னையே நான் டக்ளஸோட கட்டியிருக்க மாட்டேன்.

அதுக்குள்ள ஊர்ல பேச்சு வேற மாதிரி போச்சு, உயிர் தப்பிக்கக் கயித்தை வெட்டிட்டார்னு சொன்னாங்க. வெட்டலன்னு விம்பரே உறுதியா சொன்னார், நுனியைப் பார்த்தாலே தெரியுது, அந்த ஒரு நொடியில வெட்ட முடியவும் முடியாது. ஆனா அதே விம்பர், நல்ல கயிறு அவ்ளோ மிச்சம் இருக்கும்போது இந்த மட்டமான கயித்தை மத்தவங்க சம்மதிச்சிருக்க மாட்டாங்க, அதனால இது டாக்வால்டர் மேல சந்தேகம் வர்ற மாதிரி இருக்குன்னு எழுதி வச்சுட்டார். சந்தேகம் அப்படியே ஒட்டிக்கிச்சு. அந்த மனுஷன் கொஞ்ச வருஷம் அமெரிக்காவுக்குப் போய் இருந்துட்டு திரும்பி வந்து 1888-ல அதே மலையோட அடிவாரத்துல, ஷ்வார்ட்ஸே பக்கத்துல செத்துப் போனார்.

எனக்கு இதுல ஆதங்கம் உண்டு, சொல்லிடறேன். மூணு கயிறும் யாரோடது? விம்பரோடது. எது எதுக்குன்னு முழுசா தெரிஞ்ச ஒரே ஆள் யாரு? விம்பர். ஆட்களைக் கட்டுற நேரத்துல அவர் படம் வரைஞ்சுட்டு இருந்தார். மூணு ரகத்தையும் ஒண்ணாத் தூக்கிட்டு வந்துட்டு, எது ஆள் கட்ட, எது விட்டுட்டு வரன்னு பிரிச்சு வைக்காம, ரெண்டு டீமை ஒரே ராத்திரியில கலந்துட்டு, கடைசியில கையில எட்டின கயித்தை எடுத்துக் கட்டின கைடு மேல பழியைப் போடுறது நியாயமா எனக்குப் படல. முதல் மூணு பேரைக் கட்டி முடிச்சதும் அந்தக் கயிறு தீர்ந்திருக்கும், அடுத்தது கைக்கு வந்ததை எடுத்திருப்பாங்க, இவ்ளோதான் நடந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். அதுல தன்னையும்தான் அவர் கட்டிக்கிட்டார்.

நல்ல கயிறு கட்டியிருந்தா நாலு பேரும் பொழைச்சிருப்பாங்களா?

இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்காமயே தாண்டிடறாங்க. ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஆளுக்கு 70 கிலோன்னு வச்சா நாலு பேர் 280 கிலோ, கயிறு விறைக்கிறதுக்குள்ள 5 மீட்டர் போயிருந்தாங்கன்னு வச்சுக்கோங்க, அந்த வேகத்தோட சக்தி சுமார் 13,700 ஜூல். இன்னிக்கு ஒரு சிங்கிள் ரோப்பை, அதாவது தனியா ஒண்ணையே நம்பி ஏறுற கயித்தை, லேப்ல டெஸ்ட் பண்றது 80 கிலோ எடையை சுமார் 4.8 மீட்டர் விழ விட்டு, அது 3,800 ஜூல் கிட்ட வரும். அதாவது அன்னிக்கு வந்த அடி, இன்னிக்கு டெஸ்ட்ல கொடுக்குற அடி மாதிரி மூணரை மடங்கு. சரிவுல உரசிக்கிட்டு விழுந்ததால கொஞ்சம் குறையும், ஆனாலும் பயங்கரமான இழுப்பு.

இதுல ரெண்டாவது விஷயம், கயிறு எவ்ளோ நீளுதுங்கிறது. விழுற ஆளை நிறுத்துறது கயித்தோட பலம் மட்டும் இல்ல, அது நீண்டு நீண்டு அந்த வேகத்தை உள்ள வாங்கிக்கிறதுதான். மணிலா, ஹெம்ப் மாதிரி நார்க் கயிறு நைலான் மாதிரி நீளாது, அதனால அதே விழுதல்ல இழுப்பு பல மடங்கு ஏறும், அந்த இழுப்பு கயித்துலயும் வரும், மேல நிக்கிற ஆள் இடுப்புலயும் வரும். அப்ப ஹார்னஸ்ங்கிற இடுப்பு, தொடைப் பட்டை கிடையாது, கயித்தை நேரா இடுப்புல சுத்திக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

இப்ப யோசிங்க. அந்த மட்டக் கயிறு சீக்கிரம் அறுந்ததால மேல இருந்தவங்க மேல வந்த இழுப்பு, அது அறுந்த அளவோட நின்னு போச்சு, மெயின் போர்டுல ஃபியூஸ் போன மாதிரி. அதுக்குப் பதில் நல்ல கயிறு கட்டி அது அறுந்து போகாம நின்னிருந்தா, முழு இழுப்பும் பாறையில கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ரெண்டு பேர் மேல வந்திருக்கும். 300 கிலோ எடைக்குச் சமமா ஒரு திடீர் இழுப்பு வந்தாலே நிக்கிற மனுஷன் நிக்க முடியாது. ஏழு பேரும் போயிருப்பாங்கங்கிறதுதான் என்னோட கணிப்பு.

ஆனா ஒரு முக்கியமான மறுபக்கம் இருக்கு. விசாரணையில டாக்வால்டர் சொன்னதுல ஒரு வரி, தனக்கும் விம்பருக்கும் நடுவுல கயிறு தளர்வா இருந்ததால அதை ஒரு பாறை முனையில சுத்த முடிஞ்சுதுன்னு. விம்பர் அதே கயிறு விறைப்பா இருந்துச்சுங்கிறார். ரெண்டு வாக்குமூலமும் நேருக்கு நேர் முட்டுது. டாக்வால்டர் சொன்னது சரின்னா அங்க ஒரு பிடிமானம் இருந்திருக்கு, அப்ப நல்ல கயிறு கட்டியிருந்தா நாலு பேரும் தொங்கிட்டு இருந்திருக்க வாய்ப்பு உண்டு. எப்படிப் பார்த்தாலும் கேள்வி ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, ஆங்கர், அதாவது கயித்தைப் பாறையில கட்டி நிறுத்துற பிடிமானம், இருந்துச்சா இல்லையான்னு. கயித்தை எதுல கட்டியிருக்கோம்ங்கிறதுக்குப் பதில் இல்லாம கயித்தோட பலத்தை மட்டும் பேசி ஒரு பிரயோஜனமும் இல்ல. விழுந்த நாலு பேருக்கு நடுவுலயும் கயிறு விறைப்பா இருந்திருந்தா இந்த விபத்தே நடந்திருக்காதுன்னு விம்பர் நம்பினார், அதுவும் நியாயமான பேச்சுதான், தளர்ந்த கயிறுன்னா விழுறவன் வேகம் எடுத்த பிறகுதான் கயிறு வேலையே ஆரம்பிக்கும்.

இந்த மொத்தக் கேஸ்லயும் என்னை ரொம்பப் பாதிச்ச விஷயம் அதுக்கப்புறம் நடந்தது. விபத்து நடந்து கொஞ்ச நேரம் மூணு பேரும் நகரவே முடியாம நின்னாங்க, அப்பாவும் மகனும் ஆடிப் போயிட்டாங்க. அப்புறம் மெதுவா இறங்கும்போது கஷ்டமான இடத்துல பாறையில கயித்தைக் கட்டி, இறங்கி, அந்தத் துண்டை வெட்டி அங்கயே விட்டுட்டு அடுத்த இடத்துக்கு வந்தாங்க. முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதை அப்பதான் செஞ்சோம்னு விம்பரே எழுதியிருக்கார்.

நார் போய் நைலான் வந்த பிறகு

அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் மணிலா, ஹெம்ப்தான். நனைஞ்சா கனக்கும், குளிர்ல விறைச்சு இரும்புக் கம்பி ஆயிடும், வெளிய நல்லா இருக்கும் உள்ள மக்கியிருக்கும். லீடர், அதாவது முதல் ஆளா ஏறுறவர், விழவே கூடாதுங்கிற அந்தக் காலத்து விதி வீரத்துக்காக வந்தது இல்ல, கயிறு அப்படி. 1936 ஜூலையில ஸ்விட்சர்லாந்து ஐகர் மலையோட வடமுகத்துல டோனி குர்ட்ஸ்ங்கிற மலையேறி தொங்கிட்டு இருந்தப்ப மீட்க வந்தவங்க கயிறு நீளம் பத்தல, ரெண்டு கயித்தை முடிச்சுப் போட்டு அனுப்பினாங்க, அந்த முடிச்சு கேரபைனர்ங்கிற இரும்புக் கொக்கி வளையம் வழியா போகல, மீட்பு ஆட்களுக்குக் கொஞ்சம் மேலயே, அவங்க கண்ணு முன்னாடி உயிர் போச்சு.

ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க மலைப்படைக்கு நைலான் கயிறு வந்துச்சு, அதுக்கப்புறம் 1953-ல ஜெர்மனியோட எடெல்ரிட் கம்பெனி உள்ள இழைக்கட்டு, வெளிய பின்னின உறைன்னு ரெண்டு அடுக்கா ஒரு கயிறு கொண்டு வந்தாங்க, கெர்ன்மாண்டில்னு சொல்றது, இன்னிக்கு கிளைம்பிங் கயிறு எல்லாமே இந்த ஜாதிதான். எடையைத் தாங்குறது பெரும்பாலும் உள்ள இருக்குற இழை, வெளி உறை அதுக்குக் காவல்.

புதுக் கயிறு வந்தா பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சா, ஜப்பான்ல நடந்ததைப் பாருங்க. 1955 ஜனவரி 2, மாயே ஹோட்டகா மலையோட கிழக்கு முகம், குளிர்காலம். புத்தம்புது 8 மிமீ நைலான் கயிறு, அதை விட தடியான மணிலாவை விட பலம்னு சொல்லி வித்த கயிறு. மேல ஒரு பாறை முனையில மாட்டியிருந்த கயித்துல ஏறினவர் அரை மீட்டர் மாதிரி சறுக்கினார், அவ்ளோதான், கயிறு அறுந்து ஆள் போயிட்டார். கூட வந்தவங்க அறுந்துடுச்சுன்னு சொன்னப்ப நிறைய பேர் நம்பல. ஏப்ரல்ல ஒரு பொது டெஸ்ட் வச்சாங்க, நைலான் அறுந்து போகல, அப்ப ஏறினவங்கதான் ஏதோ தப்பு பண்ணிட்டாங்கன்னு முடிவாச்சு. ஆனா அந்த டெஸ்ட்ல வச்ச பாறை விளிம்பை முன்கூட்டியே மழுக்கி வச்சிருந்தாங்க. கூர்மையான விளிம்புல நைலான் எவ்ளோ சுலபமா அறுந்து போகும்ங்கிறதை செத்தவரோட அண்ணன் ஷிகேயோ இஷியோகா தானே டெஸ்ட் பண்ணி வருஷக்கணக்கா போராடி நிரூபிச்சார், 1975-ல ஜப்பான்ல மலையேற்றக் கயித்துக்கு சட்டப்படி பாதுகாப்பு தரம் வந்ததுக்கு அந்தப் போராட்டம்தான் காரணம். மேட்டர்ஹார்ன்ல டாக்வால்டருக்கு நடந்தது இங்க தப்பிப் பொழைச்சவங்களுக்கு நடந்துச்சு. ரெண்டு இடத்துலயும் கயிறு எந்த வேலைக்குன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி மனுஷன் மேல கை நீண்டுச்சு.

இன்னிக்கும் நல்ல நிலையில இருக்கிற கிளைம்பிங் கயிறு வெறும் விழுதல்ல அறுந்து போறது அபூர்வத்துலயும் அபூர்வம். அறுந்து போச்சுன்னா விளிம்புல வெட்டுப்பட்டிருக்கும், இல்ல பேட்டரி ஆசிட் மாதிரி ஏதாவது பட்டிருக்கும். ஆசிட் பட்டது கண்ணுக்கே தெரியாது, அதனால கார் டிக்கியில கயித்தைப் போட்டு வைக்காதீங்க.

இப்ப அதே இடத்துல எந்தக் கயிறு

இன்னிக்கு மேட்டர்ஹார்ன்ல, விம்பர் டீம் போன ஹோர்ன்லி முகடு வழியா போறவங்க எடுக்கிறது டைனமிக் ரோப், பெரும்பாலும் சிங்கிள். டைனமிக்னா விழுதல்ல நீள்ற கயிறு, ஈஎன் 892ங்கிற ஐரோப்பியத் தரப்படி டெஸ்ட்ல 40 சதவீதம் வரைக்கும் நீளலாம், சிங்கிள்னா முதல் விழுதல்ல வர்ற இழுப்பு 12 கிலோநியூட்டனை, அதாவது சுமார் 1200 கிலோ எடைக்குச் சமமானதை, தாண்டக் கூடாது, குறைஞ்சது 5 விழுதல் தாங்கணும். ஹாஃப் ரோப்னா மெல்லிசு, ரெண்டு எடுத்துட்டுப் போய் இடது வலதுன்னு மாத்தி மாத்தி மாட்டுறது, பாதை வளைஞ்சு வளைஞ்சு போற மலையில கயிறு இழுபடாது, ஒண்ணு பாறையில வெட்டுப்பட்டாலும் இன்னொண்ணு இருக்கும், இறங்கும்போது ரெண்டையும் முடிச்சுப் போட்டா முழு நீளமும் கிடைக்கும். அதை 55 கிலோ எடையில டெஸ்ட் பண்றாங்க. ட்வின் ரோப் இன்னும் மெல்லிசு, ரெண்டையும் சேர்த்து ஒரே கயிறா எல்லா இடத்துலயும் மாட்டணும், தனியா ஒண்ணை நம்பவே கூடாது. என்கிட்ட கேட்டா பெரிய மலைப் பாறையில ரெண்டு பேர் போறதுக்கு ஹாஃப் ரோப்தான் எனக்குப் பிடிக்கும், ஜப்பான் கேஸைப் படிச்ச பிறகு அந்த ரெண்டாவது கயிறு கொடுக்கிற நிம்மதி தனி.

ஸ்டாட்டிக் வேற உலகம். ஈஎன் 1891, கிட்டத்தட்ட நீளவே நீளாது, 5 சதவீதத்துக்குள்ள. ராப்பெல் (கயித்துல தொங்கி இறங்குறது), குகை, மீட்பு, நிலையா கட்டித் தொங்கவிடுறதுக்கு அது. டைப் ஏ முடிச்சு இல்லாம 22 கிலோநியூட்டன் தாங்கணும், நம்பரைப் பார்த்தா டைனமிக்கை விட பயங்கர பலம்னு தோணும், ஆனா அதுல லீட், அதாவது முதல் ஆளா, ஏறி விழுந்தா வேகத்தை உள்ள வாங்க அதுக்கு வழி இல்ல, மொத்த அடியும் ஆங்கர் மேலயும் உங்க இடுப்பெலும்பு மேலயும்தான். பனியாத்துல நடக்குறதுக்குன்னு 6 மிமீ அளவுல நீளாத மெல்லிசுக் கயிறு வந்திருக்கு, வெடிப்புல விழுந்தா பனி விளிம்புல கயிறு அழுந்தி வேகம் குறைஞ்சுடும், அதனால அங்க சரி. அதையே பாறைக்கு எடுத்துட்டுப் போய் லீட் பண்ணினா மேட்டர்ஹார்ன்ல ஜன்னல் கயித்துல ஆளைக் கட்டின அதே கதைதான். டைனீமாங்கிற செயற்கை நார் பத்தியும் ஒரு வார்த்தை, பலம் அபாரம் ஆனா 145 டிகிரி வாக்குலயே உருகிடும், கயித்தோட கயிறு உரசுற இடத்துல வெறும் டைனீமா வேண்டாம்.

நம்ம ஊர்ல ஹார்ட்வேர் கடையில கிலோ கணக்குல வாங்குற நைலான் கயித்தை ட்ரெக்கிங் போற பசங்க அருவியில இறங்கக் கட்டுறதைப் பார்க்கிறேன். அந்தக் கயித்தை யாரும் ஆள் விழுற மாதிரி டெஸ்ட் பண்ணினது இல்ல, லாரியில சரக்கு கட்டுறதுக்குச் செஞ்சது, தயவு செஞ்சு அதுல உயிரை வைக்காதீங்க.

கயிறு வாங்கும்போது நுனியில ஒட்டியிருக்கிற பட்டையைப் பாருங்க. வட்டத்துக்குள்ள 1 இருந்தா சிங்கிள், ½ இருந்தா ஹாஃப், ஒண்ணோட ஒண்ணு கோர்த்த ரெண்டு வட்டம் இருந்தா ட்வின், ஏ இல்ல பி எழுத்து இருந்தா ஸ்டாட்டிக். அப்புறம் டீமா போகும்போது ஒரே பையில ரெண்டு மூணு ரகம் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே எது ஆள் கட்ட, எது விட்டுட்டு வரன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லிப் பிரிச்சு வச்சிடுங்க, கூட வர்ற கைடுகிட்டயும் சொல்லுங்க. இன்னும் ஒண்ணு: செங்குத்துச் சரிவுல, கெட்டிப் பனியில, ஆங்கர் இல்லாம நாலஞ்சு பேர் ஒரே கயித்துல கட்டிக்கிட்டு சேர்ந்து இறங்குறது 1865-ல இருந்த அதே ஆபத்தோடதான் இன்னிக்கும் இருக்கு, ஆல்ப்ஸ்ல இப்பவும் ஒருத்தர் சறுக்கி மொத்த வரிசையையும் இழுத்துட்டுப் போற விபத்து நடக்குது, அதுல கயிறு அறுந்து போறதுகூட இல்ல. அந்த மாதிரி இடத்துல ஒண்ணு ஆங்கர் போட்டு ஒவ்வொருத்தரா இறங்குங்க, ஆங்கர் போட வழியே இல்லன்னா கயித்தைக் கழட்டிட்டு இறங்குறதா, இல்ல அங்கயே திரும்பிடுறதான்னு எல்லாரும் நின்னு பேசி முடிவு பண்ணுங்க.